காணாத உயிரும் கேட்ட செவியும்

ஓர் உயிரைக் கண்ணாற் காணாமலே அதன்பால் அன்பு செலுத்துதல் இயலுமா? இயலுமெனின், அவ்வன்பு கடமையாகி நம்மைக் கட்டுமா? இவ்விரு வினாக்களும் தத்துவ நூலார் பொழுதுபோக்காக எழுப்பும் வாதங்கள் என்று சிலர் எண்ணலாம். திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கோ இவை வாசற்படியில் வந்து நிற்கும் வினாக்களாகும். இந்நகரின் மேற்கெல்லை கடல். சங்குமுகத்து மணலில் மாலைதோறும் காற்று வாங்க அமர்வோர் பலர். அக்கடலில் வாழும் பேருயிராகிய திமிங்கிலத்தை உயிரோடு கண்டவர் அவர்களுள் மிகச் சிலரே. நம்மனோர் அதனைப்பற்றி அறிந்தவையெல்லாம் நூல்களாலும் ஒலிப்பதிவுகளாலும் அறிந்தவையே. ஏட்டிற் படித்த உயிருக்கும் இயந்திரத்திற் கேட்ட குரலுக்கும் நாம் கடன்பட்டவர்களா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

திமிங்கிலம் என்னும் சொல்லே நமக்கு நூல்வழி வந்ததாகும். அங்குத்தர நிகாயத்தின் எட்டாம் தொகுதியில், பகாராதன் என்னும் அசுரர் தலைவன் பெருமானிடம் கடலின் எட்டு வியப்புகளை எடுத்துரைக்கும் பகுதியொன்று உண்டு. கடல் படிப்படியாக ஆழ்ந்து செல்வது, கரை கடவாதது, எங்கும் உப்பு என்னும் ஒரே சுவையுடையது என்றெல்லாம் அடுக்கிவரும் அவன், பேருயிர்களின் உறைவிடமாக அது விளங்குவதனை எட்டாவது வியப்பாகக் கூறுகிறான். அவ்வுயிர்களின் வரிசையில் திமி, திமிங்கலம், திமிரபிங்கலம் என்னும் பெயர்கள் வருகின்றன. அக்கடலுயிர்களின் உடல் நூறு யோசனை முதல் ஐந்நூறு யோசனை வரை நீண்டது என்றும் அங்கே சொல்லப்படுகிறது. இந்நாளில் அளந்தறிந்த நீலத் திமிங்கிலத்தின் நீளமோ ஏறத்தாழ 30 மீட்டருக்குள் அடங்கும். உலகில் இதுகாறும் தோன்றிய விலங்குகளுள் அதனினும் எடை மிக்கது வேறு உறுதியாக அறியப்படவில்லை. ஆயினும் அஃது ஒரு யோசனையின் சிறு துணுக்கே.

இதனால் முன்னோர் பொய்யுரைத்தனர் என்று கொள்ளுதல் தகாது. கடலோடிகள் சொல்லக் கேட்டு, கேட்டதனைத் தம் காலத்து அளவைகளால் எழுதிவைத்தனர் என்றே கொள்ளுதல் வேண்டும். அளவு பிழைத்தது, உண்மை பிழைக்கவில்லை. மனிதன் காணாத ஆழத்தில் மனிதனினும் பெரிய உயிர்கள் வாழ்கின்றன என்பதே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற அறிவு. அவ்வறிவைத் திருத்தி வளர்ப்பது பின்வந்தோர் கடன்.

அக்கடன் எவ்வாறு நிறைவேறி வருகிறது என்பதைச் சிறிது காண்போம். கடலுள் கண்ணுக்கு வேலை குறைவு. ஞாயிற்றின் ஒளி 200 மீட்டர் ஆழத்துக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். செவிக்கோ அங்கே வேலை மிகுதி. காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. தாழ்ந்த சுருதியுடைய ஒலியோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குப் பரவவல்லது. ஆதலின் திமிங்கிலம் தன் இனத்தைத் தேடுவதும் அழைப்பதும் பெரிதும் குரலால் நிகழ்வன. அதனை அறிய விரும்புவோரும் கண்ணைவிடச் செவியையே நம்புதல் வேண்டியதாயிற்று.

அமெரிக்கக் கடற்படைக்காகப் பெர்முடாத் தீவின் அருகே நீரடி ஒலிகளைக் கேட்டுவந்த பிராங்க் வாட்லிங்டன் என்னும் பொறியாளர், கூனல் திமிங்கிலங்களின் குரலையும் நாடாவிற் பதிவு செய்தார். அப்பதிவுகளை ரோஜர் பெய்ன் என்னும் உயிரியலறிஞர் ஆராய்ந்து 1970ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளியிட்டார். அக்குரல் முறையற்ற முழக்கமன்று. அடியடியாக அமைந்து மீண்டும் மீண்டும் ஒரே ஒழுங்கில் வருவது என்பதனை அவரும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக நிறுவினர். 1979ஆம் ஆண்டில் நேஷனல் ஜியாக்ரபிக் என்னும் அமெரிக்கத் திங்களிதழ் அக்குரலை மெல்லிய இசைத்தட்டாக்கித் தன் ஒரு கோடிக்கு மேற்பட்ட படிகளோடு இணைத்து அனுப்பியது. அதனைத் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கேட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் திமிங்கிலத்தைக் கண்டறியாதவர்கள். ஆயினும் அவ்வாண்டுகளில் நாடுதோறும் வேட்டைக்கு எதிரான கருத்து வலுத்தது. 1982இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் வாணிக வேட்டையை நிறுத்தத் தீர்மானித்தது. 1986 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இசைத்தட்டு ஒன்றே இதற்குக் காரணம் என்பது மிகையாகும். அதற்கும் இதில் பங்குண்டு என்பது மிகையன்று.

நம் கடலுக்கு வருவோம். அதே ஆணையம் 1979இல் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவித்தது. அதன் பின்னர் டூலிப் என்னும் சிறு பாய்மரக் கப்பலில் வந்த ஆய்வாளர்கள், 1982 முதல் 1984 வரை, இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் சிறப்பாகத் திருகோணமலைக்கு அப்பாலும் திமிங்கிலங்களை ஆராய்ந்தனர். அங்கே வாழும் நீலத் திமிங்கிலங்களின் குரலைப் பதிவும் செய்தனர். பிற கடல்களில் வாழும் நீலத் திமிங்கிலங்களின் குரலமைப்பினின்றும் இவற்றின் குரலமைப்பு வேறுபட்டது என்று இன்று அறிகிறோம். ஒரே மொழியைப் பேசினும் நாட்டுக்கு நாடு வழக்கு வேறுபடுதல் போன்றது இது.

2018இன் பிற்பகுதி முதல் 2020இன் தொடக்கம் வரை, இலட்சத்தீவின் கவரத்தித் தீவருகே ஹைட்ரோபோன் என்னும் நீரொலிவாங்கிகளைக் கடலடியில் வைத்துக் காத்திருந்து, திவ்யா பணிக்கர் என்னும் அறிஞர் அக்குரலை அங்கும் கண்டறிந்து 2021இல் வெளியிட்டார். அதே 2021ஆம் ஆண்டில் நம் நகருக்குத் தெற்கேயுள்ள விழிஞ்ஞத்துக் கடலில் வைக்கப்பட்ட கருவிகளிலும் நீலத் திமிங்கிலத்தின் குரல் பதிவாகியிருந்தது. கேரளப் பல்கலைக்கழகத்தின் நீருயிரியல் துறையும் அம்முயற்சியிற் பங்கு கொண்டது. கோவளத்துக்கு வந்தோர் அலையைக் கண்டு மகிழ்ந்த அதே நாட்களில், அவ்வலைகளுக்கு அப்பால் அப்பேருயிர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்தோர் அதனை அறியவில்லை. கருவி கேட்டது, கருவியின் வாயிலாக நாமும் கேட்டோம்.

இனி, இவ்வாறு பெற்ற அறிவு எத்தகையது என்று ஆராய்தல் வேண்டும். நம் காப்பியமாகிய மணிமேகலையை ஓதியோர், அளவைகளைப் பற்றிய அதன் பகுதிகளை நினைவு கூர்வர். சேரர் தலைநகராகிய வஞ்சியில் மணிமேகலை பல சமயவாதிகளின் அளவைகளையும் கேட்கிறாள். அவர்கள் பத்து, எட்டு, ஆறு எனப் பலவாறு எண்ணுகின்றனர். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த முறையை உணர்த்தும்பொழுது, அளவை இரண்டே என்று அறுதியிடுகிறார். அவை காட்சியும் கருத்தும் ஆகும். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று உய்த்துணர்வது கருத்து. ஒருவர் சொல்லக் கேட்டு அறிவதும் நூலிற் படித்து அறிவதும் தனி அளவைகள் அல்ல. ஆராய்ந்து ஏற்கத்தக்கனவாயின் கருத்தளவையுள் அடங்குவன.

ஒலிப்பதிவைக் கேட்கும்பொழுது நம் செவி நேரே அறிவது ஒலியை மட்டுமே. அவ்வொலிக்கு உரிய உயிரை நாம் உய்த்துணர்கிறோம். புகை அங்கே, நெருப்பு இங்கே நம் உள்ளத்தில் தோன்றும் துணிவு. ஆகவே திமிங்கிலத்தைப் பற்றிய நம் அறிவு கருத்தளவையால் வந்தது. இதனை ஏற்றுக்கொண்டால், மூன்று தடைகள் எழக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விடை காண்போம்.

முதல் தடை இது: கேள்விப்பட்டதனால் மட்டும் ஒன்றை நம்பற்க என்று கேசபுத்தத்துக் காலாமர்களுக்குப் பெருமான் அறிவுறுத்தவில்லையா? அறிஞர் சொன்னார், இயந்திரம் ஒலித்தது என்பதனால் நாம் நம்புதல் தகுமா?

தடை தக்கதே. பெருமான் விலக்கியது ஆராயாத கேள்வியை. ஆராய்ந்த கேள்வியை அவர் விலக்கவில்லை. விலக்கியிருப்பின், மிகக் கேட்டவன் என்பது சீடனுக்குப் புகழாக நம் நூல்களில் வழங்கியிராது. ஏடும் பொய்க்கும் என்பதற்குத் திமிங்கிலத்தின் வரலாற்றிலேயே கொடியதொரு சான்று உண்டு. 1966ஆம் ஆண்டு நவம்பரில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக் கடலில் 242 கூனல் திமிங்கிலங்களைக் கொன்றன. பன்னாட்டு ஆணையத்துக்கு அவர்கள் கொடுத்த கணக்கோ பொய்க் கணக்கு. உண்மை வெளிவந்தது ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, அக்கப்பல்களில் பணியாற்றிய அறிஞர்களே தாம் காத்துவைத்த மெய்க் குறிப்புகளை வெளியிட்டபோது. அரபிக் கடற் கூனல் திமிங்கிலங்கள் பிற கடல்களின் கூனல் திமிங்கிலங்களைப் போலத் துருவக் கடலுக்கு வலசை செல்லாதவை. ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்பவை. ஓமன் கரையை ஒட்டி நடந்த கணக்கெடுப்பில் அவை நூற்றுக்கும் குறைவு என மதிப்பிடப்பட்டது. ஒரு திங்களில் செய்த கொலையும், அதனை மறைத்த பொய்யும் ஆக, பஞ்சசீலத்தில் இரண்டு ஒருங்கே மீறப்பட்டதன் விளைவை அக்கடல் இன்றும் சுமக்கிறது.

அப்பொய்யைத் திருத்தியதும் ஏடே. துணை நின்றதும் ஒலிப்பதிவே. 2017இல் கோவாக் கடலில் வைத்த கருவிகளில் கூனல் திமிங்கிலத்தின் குரல் பதிவாயிற்று. இந்தியக் கரையருகே அவ்வினம் முற்றும் ஒழிந்துவிடவில்லை என்பதற்கு அக்குரலே சான்று. ஆகவே, நாம் செய்யத்தக்கது ஏட்டையும் பதிவையும் ஒதுக்குவதன்று, பிறர் சோதித்தற்கு இடம் தருபவற்றை மட்டும் ஏற்பதேயாகும். ஒரு பதிவை மற்றொரு பதிவோடு ஒப்பிடலாம்; கரையொதுங்கிய உடலோடு நூற்செய்தியைச் சரிபார்க்கலாம். குமரன் சதாசிவம் என்பார் இந்தியக் கடற் பாலூட்டிகளைப் பற்றி எழுதி 2004இல் வெளிவந்த நூலைப் போன்றவை நமக்குப் பயன்படுவது இதனாலேயே.

நாமும் இவ்விடத்தில் நேர்மையோடிருத்தல் வேண்டும். நீலத் திமிங்கிலத்தின் குரலில் பெரும்பகுதி மனிதச் செவியின் கீழெல்லையை ஒட்டியோ அதற்கும் கீழோ அமைந்தது. நமக்குக் கேட்பிக்கப்படும் பதிவுகள் பெரும்பாலும் வேகத்தை மிகுத்துச் சுருதியை உயர்த்தியவை. அதனைப் பாட்டு என்று அழைப்பதும் நாம் இட்ட பெயரே. அது துயரப்பாட்டு என்றோ, உலகுக்கு விடுக்கும் செய்தி என்றோ கவிபாடுவது நம் மனத்தின் சாயலைக் கடலின்மேல் ஏற்றுவதாகும். உள்ளதை உள்ளவாறு காணுதலே நல்லறிவு. அறியாததை அறிந்ததாகச் சொல்லாமலே அதன்பால் அன்பு செலுத்தலாம்.

இரண்டாம் தடை இது: உய்த்துணர்ந்த பொருளின்மேல் கருணை பிறக்குமா? கண்ணெதிரே துடிக்கும் உயிரைக் கண்டன்றோ நெஞ்சு இளகும்?

இத்தடையைக் கூறுவோர் ஒன்றை மறந்தவராவர். கண்ணெதிரே துடிப்பவனின் உடலைத்தான் நாம் காண்கிறோம்; அவன் துன்பத்தை நாம் காண்பதில்லை. முகம் சுருங்குவதையும் குரல் உடைவதையும் கண்டும் கேட்டும், நாம் துன்புறும்பொழுது நம்மிடம் நிகழ்வன இவையே என்று ஒப்புநோக்கி, அவனுக்கும் துன்பம் உண்டென்று துணிகிறோம். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த தருமகீர்த்தி ஆசாரியர் இப்பொருளை நிறுவுதற்கென்றே பிறர் உள்ளத்தின் இருப்பைப் பற்றித் தனிநூல் ஒன்று இயற்றினார். தென்னாட்டில் தோன்றியவர் என்று திபெத்திய மரபு அவரைக் குறிப்பிடும். பிறர் உள்ளம் எக்காலத்தும் காட்சிக்கு எட்டாதது. அவர்தம் செயலையும் சொல்லையும் கொண்டு கருத்தளவையால் அறியப்படுவது என்பது அவர் துணிபு. அடுத்த வீட்டாரின் துன்பமே உய்த்துணரப்படுவதாயின், ஆழ்கடலில் வாழும் உயிரின் துன்பம் உய்த்துணரப்படுவது என்பதனால் இழிவுபடாது. வேறுபாடு தொலைவினது, வகையினது அன்று.

அதற்குத் துன்பம் உண்டு என்பதற்குச் சான்று யாது எனின், ஒன்று கூறுவோம். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11இல் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதலை அடுத்துக் கனடாவின் பண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து சில நாட்கள் குறைந்தது. கடலடி இரைச்சலும் குறைந்தது. அவ்விரிகுடாவில் வாழும் திமிங்கிலங்களின் கழிவை அப்போது தொகுத்து ஆராய்ந்துகொண்டிருந்த அறிஞர்கள், அவ்வுயிர்களின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பின் அளவு அந்நாட்களில் தாழ்ந்திருந்ததைப் பின்னர்க் கண்டறிந்து 2012இல் வெளியிட்டனர். இரைச்சல் அடங்கியபோது உடல் தேறியது எனின், இரைச்சல் மிக்க நாட்களில் அவ்வுடல் பட்டது யாது? புகையும் நெருப்பும் போன்ற தெளிவு இதில் இல்லாது போகலாம். ஆயினும் அறத்தின் பொருட்டு நாம் நின்று எண்ண இது போதும்.

அன்றியும், அருகிருந்து காண்பதனால் கருணை தானே பிறந்துவிடும் என்பதும் மெய்யன்று. விழிஞ்ஞத்துக்கு அடுத்துள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893ஆம் ஆண்டில், தம்மவர்க்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவழியில் வில்லுவண்டியில் ஏறிச் சென்றார். அவ்வழியில் நடக்க உரிமையற்றிருந்த மக்கள் தொலைவிலா இருந்தனர்? நாள்தோறும் கண்ணெதிரே வயலில் குனிந்து உழைத்தவர்களே அவர்கள். அவர்தம் துன்பத்தைக் காணக் கண்ணில் குறை எதுவும் இல்லை. காணும் விருப்பமே இல்லை. இதனை நம்மினும் நன்கறிந்தோர் யார்? காணப்படாதவராய், கேட்கப்படாதவராய் வைக்கப்பட்டிருந்தோர் வழிவந்த நாம், பிறிதோர் உயிரைப் பற்றி, கண்ணுக்குத் தெரியவில்லையே, எமக்கென்ன என்று சொல்லுதல் அழகாகுமா?

கரணீய மைத்திரி சூத்திரம் மைத்திரிக்கு உரிய உயிர்களை வகைப்படுத்தும்பொழுது, நீண்டவை, பெரியவை, நுண்ணியவை, காணப்பட்டவை, காணப்படாதவை, அருகிலுள்ளவை, தொலைவிலுள்ளவை என எல்லாவற்றையும் எண்ணுகிறது. காணப்படாதவற்றையும் சேர்த்தது தற்செயல் என்று நாம் கருதவில்லை. அண்ணல் அம்பேத்கரும் 1957இல் வெளிவந்த தம் புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலில், கருணை மனிதர்பால் கொள்ளும் அன்பு என்றும், மைத்திரி அதனையும் கடந்து உயிர்கள் அனைத்தின்பாலும் செல்வது என்றும் பிரித்துக் காட்டினார். மனிதர்பால் கருணைக்கே வழியில்லாத நாட்டில் நின்றுகொண்டு அவர் அதற்கப்பாலும் நோக்கினார் என்பதனை நாம் மறத்தலாகாது.

மூன்றாம் தடை இது: அன்பு இருந்தால் போதாதா? ஏடும் பதிவும் எதற்கு? படிப்பறியாத பாமரனும் துடிக்கும் உயிரைக் காப்பானே!

காப்பான்; ஐயமில்லை. 2016ஆம் ஆண்டு சனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்ப் பகுதிக் கடற்கரையில் எண்பதுக்கு மேற்பட்ட சிறகுக் குட்டையான பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறின. மீனவர்கள் இரவென்றும் பாராமல் அவற்றைப் படகிற் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்றனர். யாரும் கூலி தரவில்லை, யாரும் ஏவவுமில்லை. கருணைக்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? ஆயினும் விடப்பட்டவற்றுள் பல மீண்டும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கு மேல் மாண்டன. அவ்வினம் கூட்டத்தை விட்டுப் பிரியாதது. தன் இனம் கரையில் கிடக்க, தனியே ஆழத்தில் விடப்பட்டது அங்கே நில்லாது. 1973ஆம் ஆண்டிலும் அதே தூத்துக்குடிக் கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கி மாண்டன. அறிஞர்கள் அதனை எழுதியும் வைத்தனர். ஆனால் 43 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஏடு ஆய்வகத்தில் இருந்தது. அவ்விரவில் கடலில் நின்ற மீனவன் கையில் இல்லை.

குறை மீனவனுடையதன்று. அறிவை ஏட்டளவில் அடைத்துவைத்து, அதனைக் கரைக்குக் கொண்டு சேர்க்காத நம் போன்ற படித்தவருடையதே. பிரக்ஞையும் கருணையும் ஆகிய இரண்டையும் தம்மத்தின் இரு மூலைக்கற்களாக அண்ணல் கொண்டதன் பொருள் இங்கே விளங்கும். பிரக்ஞையற்ற கருணை உயிரை ஆழத்துக்கு இழுத்துச் சென்றும் காக்க இயலாது போகலாம். கருணையற்ற பிரக்ஞையோ வேட்டைக் கப்பலில் அமர்ந்து பொய்க் கணக்கு எழுதும்.

மறுபுறம், அறிவு எப்பொழுதும் படித்தவனிடமிருந்து மீனவனுக்கே செல்லும் என்று நினைப்பதும் பேதைமை. கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்ப்படுத்தி, நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாத பார்களின் இடத்தைத் துல்லியமாகக் கண்டுகொள்ளும் கலை திருவனந்தபுரத்துக் கட்டுமரக்காரர்களுக்கு வழிவழியாக உரியது. காணாத பொருளைக் கண்ட பொருளால் அறிவது கருத்தளவை என்றோமே, அதனைத் தருக்க நூல் ஓதாமலே நாள்தோறும் பயின்றவர்கள் அவர்கள். இந்நகரைச் சார்ந்த பிரண்ட்ஸ் ஆப் மரைன் லைப் என்னும் அமைப்பு, மீனவர் சொன்ன அடையாளங்களைக் கொண்டே கடலில் மூழ்கி, பார்களையும் அவற்றில் வாழும் உயிர்களையும் படமெடுத்துப் பதிவு செய்து வருகிறது. ஏடும் கடலும் ஒன்றையொன்று திருத்தும் இம்முறையே நாம் விரும்பத்தக்கது.

மூன்று தடைகளுக்கும் விடை கண்டோம். இனிக் கடமையைப் பற்றிய பேச்சு. இங்கேதான் பலர் தவறுகின்றனர். வீட்டில் அமர்ந்து ஒலிப்பதிவைக் கேட்டுக் கண்ணீர் சிந்திவிட்டு, கடலுயிர்களைக் காக்கும் சுமை முழுவதையும் மீனவன் தலைமேல் ஏற்றிவிடுதல் எளிது. பிறர் கைப்பொருளைக் கொண்டு செய்யும் தானம் தானமாகாது; பிறர் வயிற்றைக் கட்டிச் செய்யும் ஜீவகாருண்யமும் அத்தகையதே.

ஓர் எடுத்துக்காட்டு. திமிங்கிலச் சுறா என்பது பெயரளவில் திமிங்கிலம்; உண்மையில் மீன், மீன்களுள் மிகப் பெரியது. 2001ஆம் ஆண்டு முதல் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் அதற்கு உண்டு. திருவனந்தபுரத்துக் கரையில் கரமடி வலை இழுக்கும்பொழுது சில வேளைகளில் அச்சுறா உள்ளே அகப்படும். பலரும் கூடி இழுத்த வலை அது. பல குடும்பங்களின் அன்றைய உணவு அதில் இருக்கும். சுறாவை விடுவிக்க வலையை அறுத்தல் வேண்டும். அறுக்கின்றனர். அண்மை ஆண்டுகளில் பலமுறை அவ்வாறு அறுத்து அதனைக் கடலுக்குத் திருப்பியுள்ளனர். குஜராத்தில் 2004இல் தொடங்கிய இயக்கம் பின்னர்க் கேரளத்துக்கும் வந்ததனால் இவ்வுணர்வு பரவியது. குஜராத்தில் அறுந்த வலைக்கு அரசு ஈடு கொடுத்துவந்ததும் அங்கே அது வேரூன்றியதற்கு ஒரு காரணம். வலையை அறுத்தவன் செய்தது அறம். அறுந்த வலையின் விலையை அவன் தலையிலேயே விட்டுவிட்டு அவனைப் புகழ்ந்து பேசுவது அறமன்று.

சுமையைக் காரணத்தின் அளவுக்கேற்பப் பகிர்தல் வேண்டும். திமிங்கிலத்தின் குரலை மூழ்கடிப்பது கட்டுமரமன்று, பெருங்கப்பல். கப்பற் பொறியும் விசிறியும் எழுப்பும் தாழ்ந்த சுருதியும் திமிங்கிலத்தின் தாழ்ந்த சுருதியும் ஒரே எல்லைக்குள் அமைந்தவை. விழிஞ்ஞத்தில் 2024 சூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் நாள் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மாதம் 25ஆம் நாள், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எல்சா 3 என்னும் கப்பல் அறுநூற்றுக்கு மேற்பட்ட சரக்குப் பெட்டிகளோடு மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரத்துக் கரை வரை ஒதுங்கின. அவற்றைக் கைகளால் பொறுக்கியோர் இளைஞரும் கரைவாழ் மக்களுமே. துறைமுகமே வேண்டாவென்று நாம் கூற வரவில்லை. அதனால் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. அதனால் வரும் வசதியைத் துய்ப்போர் நாம் அனைவரும் என்பதே நாம் நினைவூட்டுவது. நம் வீட்டுப் பண்டங்கள் அக்கப்பல்களில் வருகின்றன. ஆகவே அவ்விரைச்சலில் நம் பங்கும் கலந்துள்ளது.

வழி இல்லாமலும் இல்லை. இலங்கையின் தென்கரையில் நீலத் திமிங்கிலங்கள் கூடுமிடத்தின் ஊடே உலகக் கப்பல்வழி செல்கிறது. மோதுண்டு மாண்ட திமிங்கிலங்கள் பல. வழியைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதும் அபாயம் மிகவும் குறையும் என்று ஆய்வாளர் பலகாலம் கூறிவந்தனர். 2022இல் எம்.எஸ்.சி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை அவ்வாறு விலகிச் செல்லப் பணித்தது. கடலடி இரைச்சலைக் குறைப்பதற்குப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2014இல் வழிகாட்டுதல் வகுத்து 2023இல் திருத்தியது. அது கட்டாயமன்று, பின்பற்றுவோர் விருப்பத்தைப் பொறுத்தது. விருப்பம் எங்கிருந்து பிறக்கும்? மக்களின் கருத்திலிருந்து. மக்களின் கருத்து எங்கிருந்து பிறக்கும்? அவர்கள் படித்ததிலிருந்தும் கேட்டதிலிருந்தும். ஏடும் பதிவும் கடமையோடு இணையும் இடம் இதுவே.

ஆதலின் நம் சங்கத்து அன்பர்களுக்கு நாம் விண்ணப்பிப்பது சிலவே. பிள்ளைகளுக்குக் கடலுயிர்களைப் பற்றிய நல்ல நூல்களை வாங்கிக் கொடுங்கள். இந்நகரில் 1829ஆம் ஆண்டு முதல் பொது நூலகம் இருக்கிறது. அதன் படிகளில் அவர்களை ஏற்றுங்கள். திமிங்கிலத்தின் குரலை அவர்களுக்குக் கேட்பியுங்கள்; கேட்பிக்கும்பொழுது, இது வேகம் மிகுத்த பதிவு, இன்னதை அறிவோம், இன்னதை அறியோம் என்று மெய்யைச் சொல்லிக் கேட்பியுங்கள். கரையில் எறியும் பிளாஸ்டிக் பை கடலுக்குப் போகும் என்பதனைச் சொல்லால் அன்றிச் செயலால் உணர்த்துங்கள். கடற்புறத்து மக்களோடு பழகி, அவர்கள் அறிந்ததைக் கேட்டு, நாம் படித்ததைச் சொல்லுங்கள். அறுந்த வலைக்கு ஈடு கிடைக்கவும், கப்பல்கள் விலகியும் மெதுவாகவும் செல்லவும் குரல் எழும்போது அக்குரலோடு உங்கள் குரலையும் சேருங்கள்.

இவை சிறு செயல்கள். இவற்றால் கடல் ஒரு நாளில் அமைதியடைந்துவிடாது. ஆயினும் அறியாமையில் இருந்தவனுக்கும் அறிந்தவனுக்கும் கடமை ஒன்றன்று. விழிஞ்ஞத்துக் கடலில் ஒரு பேருயிர் குரல் கொடுக்கிறது என்பதனை 2021க்கு முன் நாம் அறியாதிருந்தோம் எனின், அறியோம் என்று விடை கூறலாம். இன்று அவ்விடை நமக்கு இல்லை. அதனைக் காணாமலே மாய்வோராயினும், கேட்டோம் என்பதனை நாம் மறுக்க இயலாது. கேட்டபின் நம் நடையில் ஏதேனும் மாறியதா என்பதே இனி நாம் ஒவ்வொருவரும் நம்மை நாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினா.